காஞ்சிருச்சா?

"காஞ்சிருச்சாம்மா?" என்றுதான் என்னிடம் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்த அந்த அக்கா கேட்டார். "காஞ்சிருச்சு அக்கா" என்றேன். அது பொய் இல்லை. முந்தின நாள் மதியமே அடித்து முடித்து, ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் பரப்பி வைத்திருந்தேன். அவர் முன்னாலேயே ஒரு கார்டை எடுத்து, எழுத்தின் மேல் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்துக் காட்டினேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அவரும் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். 150 கார்டையும் எண்ணித் துணிப்பையில் வைத்துக் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்து ஃபோன். "மஞ்சள் வச்சோம்மா. எழுத்து கரைஞ்சு ஓடுது."

அந்த ஆர்டருக்கு நான் பட்ட பாட்டைச் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். ஐப்பசி அடைமழை. வீட்டுக்குள் காயப்போட்ட துணியே இரண்டு நாள் ஈரமாகக் கிடந்தது. பேப்பரோ பருத்தி வெட்டுத்துணியில் கையால் செய்தது, 200 ஜிஎஸ்எம், அட்டை மாதிரி கனம். கையால் செய்த பேப்பரில் கஞ்சி குறைவாக இருந்தால் மையைக் குடித்து எழுத்து மயிர்மயிராகப் பரவும். கூடிப்போனால் மை மேலேயே நின்று அடுத்த கார்டின் முதுகில் அச்சாகும். ஒரே பேப்பர் கட்டுக்குள் இரண்டு விதமும் இருந்தது. ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பிரித்தேன். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு, பிரிண்டரில் மை தெளிக்கும் ஹெட்டில் மாட்டி, தாள் நெடுகக் கோடு இழுத்துவிடும் என்பதால் பழைய டூத்பிரஷ்ஷால் எல்லா ஓரங்களையும் துடைத்தேன். பிரிண்டரில் தடித்த பேப்பர் என்று மாற்றி ஹெட்டைத் தூக்கினேன், மையின் அளவைக் குறைத்தேன், வேகத்தையும் குறைத்தேன். பின்பக்கத் தட்டில் ஒவ்வொரு தாளாகக் கையில் கொடுத்து, வெளியே வந்ததும் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் பரப்பினேன். அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் தரையில்தான் படுத்தோம். காய்ந்த பிறகு கார்டுக்கு ஒரு பட்டர் பேப்பர் இடையில் வைத்து அடுக்கினேன்.

இவ்வளவும் தீற்றலுக்கு எதிரான வேலை. தண்ணீருக்கு எதிராக நான் எதுவுமே செய்யவில்லை.

என் பிரிண்டரில் கறுப்பு மட்டும் பிக்மென்ட். மற்ற மூன்று கலரும் டை. பிக்மென்ட் என்பது நுண்ணிய பொடி. அது தாளின் மேல் உட்கார்ந்து பிடித்துக்கொண்டால் தண்ணீருக்குச் சட்டென்று அசையாது. டை என்பது கரைந்திருக்கும் சாயம். காய்ந்த பிறகும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் மறுபடி கரைந்து கிளம்பிவிடும். இது எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். கறுப்பில் அடித்திருந்தால் அந்த எழுத்து நின்றிருக்கும். கல்யாணப் பத்திரிகையைக் கறுப்பில் அடிக்க எந்த வீட்டில் ஒத்துக்கொள்வார்கள்? அரக்கு நிறம்தான் கேட்டார். அரக்கு என்றால் பெரும்பங்கு மெஜந்தாவும் மஞ்சளும். முழுக்க டை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, மூலையில் எழுத்தை வைத்தது நான். "ஆசிகளுடன்" என்று போட்டு அவர் வீட்டுக்காரர் பெயரை, தெய்வத்திரு என்ற அடையோடு, இடது மேல்மூலையில் சின்னதாக வைத்திருந்தேன். கார்டே ஐந்துக்கு ஏழு அங்குலம்தான். ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர்கூட விடவில்லை. நடுவில் இடம் காலியாகக் கிடந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று நினைத்தேன், நன்றாகவும் இருந்தது. மஞ்சள் வைப்பது நாலு மூலையிலும் என்பது தெரியாத வீட்டில் நான் பிறக்கவில்லை. என் கல்யாணப் பத்திரிகைக்கு நானே உட்கார்ந்து வைத்திருக்கிறேன்.

அந்த அக்கா மஞ்சளைத் தொடவில்லை. அவர் தள்ளி உட்கார்ந்து உறைக்குள் போடுவதற்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். குழைத்ததும் வைத்ததும் நாத்தனாரும் பக்கத்து வீட்டுப் பெண்களும். அவர்கள் கொஞ்சம் தண்ணியாகக் குழைத்துவிட்டார்கள். முப்பது கார்டுக்கு மேல் வைத்த பிறகுதான் முதலில் வைத்ததை யாரோ திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். இதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. "நான் பார்த்துக்கிட்டே இருந்திருக்கணும்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் பேருதான் போயிருக்கு. ஏதும் சகுனமா இருக்குமா?" என்றார்.

"இல்லக்கா, அது இங்க்கு" என்றேன்.

அந்தக் கேள்விக்கு வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்னமும் தெரியவில்லை. மையின் குணத்தை விளக்கினேன். பிக்மென்ட், டை என்று ஃபோனில் ஐந்து நிமிடம் பேசினேன். தெரிந்த ஆளாக, அக்கறையாகப் பேசினதாகத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன். பேசப் பேச, இவ்வளவு தெரிந்தவள் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. அவர் கேட்கவில்லை.

திரும்ப அடித்துக் கொடுத்தேன், ஆனால் என் பிரிண்டரில் இல்லை. வழவழப்பான ஐவரி போர்டு வாங்கி, லேசர் மெஷின் வைத்திருக்கும் கடையில் கொடுத்தேன். டோனர் சூட்டில் உருகி ஒட்டுகிற பிளாஸ்டிக் பொடி, ஈர மஞ்சள் அதை ஒன்றும் செய்யாது. கையால் செய்த பேப்பரிலேயே அடிக்கலாமென்றால் அந்த மேடுபள்ளத்தில் டோனர் பள்ளத்துக்குள் இறங்காமல் எழுத்து பொத்தல் பொத்தலாக வருகிறது. பெயரையும் மூலையிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளினேன். புதுக் கார்டைக் கையில் வாங்கியதும் அவர், "முந்தினதுதான் அழகா இருந்துச்சு, இல்லம்மா?" என்றார்.

அட்டைக்கும் கடைக்கும் ஆன காசை அவரிடம் வாங்கிக்கொண்டேன். என் கூலியை விட்டுவிட்டேன். தண்ணி ஊற்றினது அவர்கள், இதுவே அதிகம் என்றார் வீட்டில். இதே தொழில் செய்யும் தோழி, ஒரு பைசா வாங்கியிருக்கக் கூடாது என்றாள். பட்டுப்புடவை விற்கிறவன் தண்ணியில் நனைக்காதே என்று சொல்லித்தானே விற்கிறான் என்று கேட்டாள். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் படுகிறது. கிழமைக்கு ஒன்றாக.

இப்போதெல்லாம் மாதிரிக் கார்டு ஒன்றில் மஞ்சள் குழைத்து வைத்துப் பார்த்த பிறகே மற்றதை அடிக்கிறேன். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். தை முகூர்த்தத்துக்குச் செய்ததில் இரண்டு ஆர்டருக்கு நேரம் இல்லாமல் விட்டுவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தும் அவர்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

புடவை எடுக்கும்போது சாயம் போகுமா என்று கேட்காத பெண் உண்டா? காகிதத்தைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை, அதனால்தான் அவரும் காஞ்சிருச்சா என்று மட்டும் கேட்டார் என்று இவ்வளவு நாளாக எனக்கு நானே சொல்லி வந்தேன். இதை எழுதும்போது அந்தச் சாயங்காலத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். கட்டைவிரலால் தேய்த்துவிட்டுச் சிரித்தார் இல்லையா, அப்போது இன்னொன்றும் சொன்னார். "நிக்கும்ல?" என்ற மாதிரி. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எண்பதோ தொண்ணூறோ. எண்ணிக்கை விட்டுப்போய்விடக் கூடாதென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்படிச் சொன்னாரா, இல்லை நானாகச் சேர்த்துக்கொள்கிறேனா, தெரியவில்லை. தலையை ஆட்டினது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.