கேட்டில் வாங்கிய காசு

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பர்சனல் பிரிவில் இருக்கிறேன். மன்னிப்புக் கடிதம் படிப்பதே பாதி வேலை. கேட்டில் டிரெய்லர் டிரைவர்களிடம் காசு வாங்கி மாட்டியவர்கள் எழுதுவது எல்லாம் ஒரே அச்சு: பெண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ், அம்மாவுக்கு சுகர், இனி இப்படி நடக்காது, பெரிய மனசு பண்ணுங்கள். தன் பேட்டாவிலிருந்து ஐம்பது ரூபாயை கேட் பாஸுக்குள் மடித்து நீட்டிய டிரைவர் அந்தக் கடிதங்களில் எங்குமே இருக்க மாட்டார். நிஜமாகவே அழுவார்கள், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அழுவது போகப்போகிற வேலைக்காக.

பைபிளில் வரும் சவுல் ராஜாவும் இப்படித்தான். கடவுள் சொன்னதை மீறி மாட்டியதும் தீர்க்கதரிசி சாமுவேலிடம் 'நான் பாவஞ்செய்தேன்' என்கிறான், அதே மூச்சில் மூப்பர்கள் முன்னால் என்னைக் கனம்பண்ணும் என்றும் கேட்கிறான். எங்கள் ஆபீஸ் பாஷையில், மெமோவை ஃபைலில் போடாதீங்க சார்.

அப்புறம் ஒருத்தர். காசிமேட்டுக்காரர், கேட் கிளார்க். யாரும் பிடிக்கவில்லை, புகாரும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில், இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரிவசூல்காரன் சகேயுவைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறார் போல, வரிசையில் நின்ற ஒரு டிரைவரிடம் காசை நீட்டினார்.

"இன்னாண்ணா, டீ வாங்கியாரணுமா?"

"உன்னாண்ட வாங்குனதுதான்டா. வச்சுக்கோ."

சகேயு நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்றான். மோசேயின் சட்டம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொன்னது. இவருக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது, மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம். அதைவிட, "கேட்டுல போடாதீங்க சார், கை நீளும்" என்று அவரே வந்து கேட்டதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. யார்டுக்குள் வெயிலும் தூசியும்தான், மேல்வரும்படி கிடையாது.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும்தானே கூலியாக வாங்கிய முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தான் என்று ஒரு நண்பர் மடக்கினார். சரிதான். ஆனால் அவன் போனது ஆசாரியர்களிடம், தான் காட்டிக்கொடுத்தவரிடம் இல்லை. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்துவிட்டு அழுத சீடன் பேதுருவோ, கரையில் நிற்பது ஆண்டவர் என்று கேட்டதும் படகு போய்ச் சேரும்வரைகூடப் பொறுக்காமல் கடலில் குதித்தான்.

கிளார்க்கோடு கேட்டில் கூட இருந்தவர்களுக்குச் செம கோபம். "நீ பரிசுத்தவானா ஆயிட்டுப் போ, எங்க பொழப்புல ஏன் மண்ணைப் போடுற?" நிர்வாகமோ, அவரே ஒத்துக்கொண்டதால் விசாரணை சுலபம் என்று மெமோ கொடுத்தது. டைப் செய்தது நான்தான். அவர் எழுதித் தந்த விளக்கத்தில் நினைவிலிருந்த வண்டி நம்பர்கள் மட்டும்தான், கொடுத்து முடித்ததற்கு டிக் போட்டிருந்தார். அழுது எழுதியவர்கள் பலர் எச்சரிக்கையோடு தப்பிக்க, இவருக்கு இன்கிரிமென்ட் நின்றது. அப்பீல் போடச் சொன்னேன். எதுக்கு சார், வாங்குனது நிஜம்தானே என்றார்.