ஹட்டன் பிளானை பசறைக்குக் கொண்டு போன கதை

2016ல் நானும் மச்சானும் சேர்ந்து கட்டட வேலை தொடங்கியபோது எங்களிடம் இருந்தது ஒரு பழைய லேப்டொப், இரவலாக வந்த ஒரு கொங்கிரீட் மிஷின், அப்புறம் எங்கள் பாஸ். பாஸ் என்றால் முதலாளி என்று நினைக்க வேண்டாம், மேசன் பாஸ். நான் அதற்கு முன் ஏழு வருடம் கொழும்பில் ஒரு ஒபிசில் பிளான் வரைந்தவன். அங்கே படித்ததெல்லாம் வீட்டை எப்படிக் குளுமையாக வைப்பது என்பதுதான். நிழல், குறுக்குக் காற்று, உயரமான கூரை. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே, சனம் ஸ்வெட்டரோடு படுக்கிற ஹட்டனில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதல் வேலை கொட்டகலைப் பக்கம் ஒரு டீச்சருக்கு. பழைய வீட்டோடு இரண்டு அறை சேர்க்க வேண்டும். எங்கள் துண்டுப் பிரசுரத்தில் 'எரிசக்திச் சிக்கன வீடுகள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். அவர் அதை வாசித்துவிட்டு, "கரண்ட் மிச்சம் பிடிக்கிறதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் தம்பி, விடியக்காலையில தகரத்துல இருந்து மூஞ்சியில தண்ணி சொட்டாம இருந்தா போதும்" என்றார்.

அந்தச் சொட்டு, கூரை ஒழுகி வருவதல்ல. அடுப்படி ஆவியும் நாலு பேர் மூச்சும் இரவில் மேலே போய், குளிரில் விறைத்த தகரத்தின் அடியில் நீராகப் படிந்து விடியும் நேரம் சொட்டும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்த எனக்கு இது தெரியாததல்ல, ஆனால் கொழும்பு ஒபிஸ் மறக்க வைத்திருந்தது. தகரத்துக்கு அடியில் வெள்ளித்தாள் ஒட்டிய நுரை விரிப்பு போட்டு, அதற்குக் கீழே காற்றுப் போக இடைவெளி விட்டு சீலிங் அடித்து, அடுப்படிக்கு ஒழுங்கான புகைபோக்கியும் வைத்தோம். படுக்கையறை ஜன்னல் காலை வெயிலுக்காகக் கிழக்கே. மேற்குச் சுவரில் ஒரு ஓட்டைகூட வைக்கவில்லை, ஏனென்றால் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கத்தை அந்தத் திசையிலிருந்துதான் போட்டு அடிக்கும். ஜனவரியில் ஒரு விடியல், வெளியே 11 பாகை, அறைக்குள் 17. ஹீட்டர் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு துண்டுப் பிரசுரமே தேவைப்படவில்லை, அந்தப் பாடசாலையின் ஆசிரியர் அறை போதும். இரண்டு வருடத்தில் நாலு வீடு. நாலு வீடு கட்டினோம், ஆனால் பத்துப் பிளான் வரைந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். மற்ற ஆறும் இலவசமாக வாங்கிக்கொண்டு போய் வேறு கொந்தராத்துக்காரரிடம் குறைந்த விலைக்குக் கொடுக்கப்பட்டவை. சீலிங்குக்கு மேலே ஏன் காற்று போக வேண்டும் என்று தெரியாமல் அதை அடைத்துவிட்டு, "உங்க பிளான் சரியில்லை" என்று எனக்கே போன் எடுத்தார் ஒருவர். பிளானுக்குத் தனியாகக் காசு, கட்டும் வேலையும் எங்களுக்கே தந்தால் அதைக் கழித்துக்கொள்வோம் என்று மச்சான் பிடிவாதமாக எழுதி ஒட்டினான். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் வரைந்து கட்டுகிற கம்பனி என்று எங்களைச் சொல்லிக்கொள்ள முடிந்தது அந்த நாளிலிருந்துதான்.

செங்கலுக்குப் பதிலாக மண் கட்டிக்கு வந்ததும் இந்தக் காலத்தில்தான். மலையில் வீடு கட்ட இடம் வெட்டினால் மண் மிஞ்சும், அதைச் சரிவில் தள்ளிவிடுவது வழக்கம். 2014 ஒக்டோபர் 29 காலை ஊவாவில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களுக்கு மேல் மலை சரிந்து இறங்கிய பிறகு அப்படித் தள்ள மனம் வரவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் காணி பார்த்து அறிக்கை தராமல் நாங்கள் மண்வெட்டியே எடுப்பதில்லை. பக்கத்தை ஆழமாக வெட்டாமல் அத்திவாரத்தைப் படிபடியாகப் போடுகிறோம். மிஞ்சுகிற மண்ணைச் சலித்து, நூற்றுக்கு ஆறேழு பங்கு சீமெந்து கலந்து, கை மிஷினில் அழுத்திக் கட்டியாக்குகிறோம். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், செங்கல் லொறி ஏற வேண்டாம். ஆனால் பொலித்தீனால் மூடி மூன்று நாலு கிழமை ஈரமாக வைத்திருக்க வேண்டும். இதைப் பின்னால் சொல்கிறேன்.

2019ல் பசறைப் பக்கம் ஒரு கடைக்காரர் வீடு. மலையின் கிழக்குப் பக்கத்து ஊவா மாகாணத்திலிருந்து வந்த முதல் அழைப்பு, பெருமைக்குக் கேட்கவா வேண்டும். ஹட்டனில் நன்றாகப் போன பிளானையே அளவு மாற்றிக் கொடுத்தேன். பாஸ் முதல் நாளே பக்கத்திலிருந்த பழைய லயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "தம்பி, இங்க கிழக்குச் சுவத்துல தான் பாசி புடிச்சிருக்கு" என்றார். பிளான் பாஸாகிவிட்டது, வேலையைப் பாருங்கள் என்றேன். அந்தச் சொல்லுக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஹட்டன் நனைகிற மாதங்களில் பசறையில் கச்சான் என்கிற காய்ந்த தென்மேற்குக் காற்று. அவர்களுக்கு மழை வருவது வடகீழ்ப் பருவத்தில். டிசம்பரில் கடைக்காரர் போன் எடுத்தார், போய்ப் பார்த்தால் நான் ஆசை ஆசையாக வைத்த கிழக்கு ஜன்னல் மூன்றிலும் தண்ணீர், மெத்தை வரைக்கும். அந்தப் பக்கம் அகலமாக இறக்கிய கூரையும் வராந்தாவும் எங்கள் செலவில் கட்டிக் கொடுத்தோம். அந்த வேலையின் லாபம் முழுக்க அதில் போனது.

இதில் படித்திருக்க வேண்டியதை உடனே படிக்கவில்லை. 2021ல் ஒரே நேரத்தில் மூன்று சைட். பாஸ் ஒன்றில், நான் ஒன்றில், மூன்றாவதில் புதுப் பொடியன்கள். லொறி வந்து நிற்கிறது, ஆள் நிற்கிறது என்று பன்னிரண்டாம் நாள் கட்டியை எடுத்து அடுக்கிவிட்டார்கள். அடுத்த மழையில் விளிம்பு விளிம்பாகக் கரைந்தது. பாஸ் வந்து ஒரு கட்டியை விரலால் சுரண்டிக் காட்டினார், ஒன்றும் பேசவில்லை. இடுப்பளவு வந்திருந்த சுவரை இடித்தோம்.

அப்புறம் 2022. ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய 50 கிலோ சீமெந்து மூட்டை மூவாயிரத்தை ஒட்டி நின்றது, டீசலுக்கு இரவு முழுக்க வரிசை. நிலையான விலைக்குக் கையெழுத்து வைத்த இரண்டு வீடு கையில். ஒன்றை நட்டத்தோடு முடித்தோம். மற்ற வீட்டுக்காரர் தானே கூப்பிட்டு விலையைத் திருத்தினார், அந்த மனிதருக்கு ஆயுசு நூறு. இப்போது ஒப்பந்தத்தில் சீமெந்துக்கும் கம்பிக்கும் அன்றைய விலை என்று ஒரு வரி இருக்கிறது. அதே வருடம் ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66. குளிர் ஊரில் சுடுதண்ணீர் இல்லாமல் முடியாது. பில் வந்ததும் வாடிக்கையாளர்களே கூரையில் சூரிய வெப்பத் தண்ணீர்த் தொட்டி கேட்க ஆரம்பித்தார்கள். ஆறு வருடமாக நான் சொல்லி விற்க முடியாததை பில் விற்றுக் கொடுத்தது.

ஆட்களை நிலையாக வைத்துக்கொள்வதுதான் இன்னமும் கஷ்டம். ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈபிஎஃப்புக்கு, நாங்கள் 12 சதவீதம் போடுவோம், உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிப்போம் என்றதும் பொடியன்கள் முகம் சுருங்கியது, நாள் சம்பளம் முழுசாகக் கையில் வேண்டும். அவர்களுடைய அம்மாமார் வேறு மாதிரி. தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஈபிஎஃப் அருமை தெரிந்தவர்கள். ஒரு அம்மா நேராக என் வீட்டுக்கே வந்து, மாப்பிள்ளை பார்ப்பது போல, "ஈபிஎஃப் இருக்கா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் மகனை அனுப்பினார். அவன் இப்போது கட்டி போடும் வேலைக்குப் பொறுப்பு, தேதி எழுதாத அடுக்கை யாரையும் தொட விடமாட்டான்.

இன்றைக்குப் பதினொரு பேர், ஒரு நேரத்தில் இரண்டு சைட். பாஸ் இப்போது பங்காளி. அவர் கையெழுத்து வைக்காமல் பிளான் வெளியே போகாது. ஒரு குறை உண்டு: எங்களிடம் வருவது காணி உறுதிப் பத்திரம் உள்ளவர்கள், வங்கிக் கடன் எடுக்கக் கூடியவர்கள். லயத்தில் இருக்கிற சனத்துக்குக் காணி உறுதி கிடையாது, அதனால் கடனும் கிடையாது. என் அம்மா அப்பா இருக்கிற லயக்காம்பராவுக்கு ஒரு சீலிங்கும் புகைபோக்கியும் வைத்ததோடு சரி.

போன கிழமை ஹப்புத்தளையில் ஒரு காணி பார்க்கப் போனோம். நான் லேப்டொப்பைத் திறக்கவே இல்லை, பாஸ் பக்கத்து வீடுகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "நாலு பக்கமும் பாசி" என்றார், சிரித்துக்கொண்டே. இன்னும் வரையத் தொடங்கவில்லை.