'நிவாரணம்' என்று தேடினால் கிடைக்காது

1760 மார்ச் 20 அன்று பாஸ்டனில் பற்றிய தீயில் 349 கட்டடங்கள் போயின. ஆயிரம் பேருக்கு மேல் வீடில்லாமல் நின்றார்கள். அவர்களுக்காக அமெரிக்காவில் இருந்த பிற பிரிட்டிஷ் குடியேற்றங்களிடம் கையேந்திய கதைதான் என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம். அந்தத் தாள்களைப் பார்த்து முடிப்பதற்குள் ஆவணக் காப்பகத்துக்கு மூன்று முறை போய்வர வேண்டியதாயிற்று.

முதல் முறை வாசலோடு சரி. நாலு மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கினால், வாசகர் அட்டைக்கு உள்ளூர் முகவரிச் சான்று கேட்டார்கள். என்னிடம் பாஸ்போர்ட் மட்டும்தான் இருந்தது. இணையதளத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. வாடகை ஒப்பந்தமோ வங்கிக் கடிதமோ எதற்கும் கையில் இருக்கட்டும்.

இரண்டாம் முறை உள்ளே போய்விட்டேன். 'நிவாரணம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. மேசையில் இருந்தவரைக் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "அப்படி எதுவும் இங்கே இல்லை" என்றார். மதியம் வரை அதை நம்பி வேறு பெட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் மாறி வந்த ஒரு முதியவர்தான், "'பிரீஃப்' என்று தேடினீர்களா?" என்று கேட்டார். அன்றைக்கு இப்படிப்பட்ட வேண்டுகோளுக்கு அதுதான் பெயர். ஆளுநர் கையெழுத்தோடு வரும், தேவாலயத்தில் வாசிப்பார்கள், அங்கேயே காணிக்கை திரட்டுவார்கள். அப்போது ஆளுநர் தாமஸ் பவுனல். அவர் பெயரையும் சேர்த்துத் தேடியதும் அரை மணியில் வழி திறந்தது. தேவாலயக் கணக்குகளையும் விட்டுவிடாதீர்கள். பணம் வந்த தடம் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் முறை இழப்புப் பட்டியல்கள். படுக்கை, பாத்திரம், மேசை என்று ஒவ்வொருவரும் பறிகொடுத்ததை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். படிக்கப் படிக்க மனசு கனத்தது. இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது: எல்லாப் பவுண்டும் ஒரே பவுண்டு அல்ல. 'பழைய டெனர்' (மதிப்புச் சரிந்த பழைய காகிதப் பணம்) கணக்கில் ஏழரைப் பவுண்டு சேர்ந்தால்தான் மாசசூசெட்ஸின் சட்டப்பூர்வப் பணத்தில் ஒரு பவுண்டு. அதாவது பழைய கணக்கில் 150 என்று இருந்தால் உண்மையில் 20தான், ஸ்டெர்லிங்கில், அதாவது இங்கிலாந்துப் பணத்தில், 15. எந்தப் பணம் என்று ஓரத்தில் பொடியாக இருக்கும் எழுத்துகளைக் கவனிக்காமல் இரண்டு நாள் கூட்டியதை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். கடைசியில் வரிசைகள் பொருந்தி வந்தபோது எழுந்து போய் ஒரு டீ குடித்தேன்.

இன்னொன்று: இந்தப் பட்டியல்களில் பெரும்பகுதியைப் பாஸ்டன் நகராட்சியே பின்னாளில் அச்சிட்டிருக்கிறது, இணையத்தில் இலவசம். முதலில் அதைப் படித்துவிட்டு அசலுக்குப் போங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

1740இல் தென் கரோலினாக் குடியேற்றத்தின் சார்ல்ஸ்டன் நகரம் எரிந்தபோது லண்டன் நாடாளுமன்றம் 20,000 பவுண்டு கொடுத்தது. பாஸ்டனும் அதே வாசலில்தான் மனுவோடு போய் நின்றது. அங்கிருந்து பணம் வரவில்லை. கூட்டி முடித்த பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் உறுத்துகிறது.