கரும்பு நின்றுபோன நிலத்தில் மரம் வளர்க்க

ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் படிப்படியாகச் சர்க்கரை விலையை 36 சதவீதம் குறைத்தது. பெரும்பகுதிச் சர்க்கரையை அங்கேயே விற்றுவந்த மொரீஷியஸில் சிறு விவசாயிகள் பலர் கரும்பைக் கைவிட்டார்கள். அந்த நிலங்களில் இன்று மரம் நடுகிறவர்கள் பெரும்பாலும் தோற்பது கினிப் புல்லிடம்தான். மழைக்காலத்தில் அது ஆளுயரம் எழும்பி, முழங்கால் உயரக் கன்றை மூடிவிடும். கன்று வாங்குவதற்கு முன்பே, மூன்று வருடம் புல் வெட்டும் கூலியை ஒதுக்கிவிடுங்கள். அந்த வேலையை வெளி ஒப்பந்தக்காரரிடம் விடாமல் ஊராருக்கே கொடுங்கள். கரும்போடு போன வருமானத்தில் கொஞ்சமாவது வீடு திரும்பும்.

கரும்புத் தூர்களை வேரோடு தோண்டி எடுக்க வேண்டும், மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வண்டிகள் ஏறி இறங்கிய மண் அடியில் இறுகிக் கிடக்கும். குழி 40 செ.மீ. ஆழம் இருந்தாலும் அடித்தட்டைக் கடப்பாரையால் உடைக்காவிட்டால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். காய்ந்த சோகையை எரிக்காதீர்கள். 10 செ.மீ. கனத்தில் மூடாக்காகப் பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு சாண் வெற்றிடம் விடுங்கள்.

ஒன்றரை மீட்டர் இடைவெளியில் ஓர் ஆர்ப்பானுக்கு (ஏக்கரைவிடச் சற்றுப் பெரிய மொரீஷியஸ் நில அளவு) ஏறக்குறைய 1,870 கன்று பிடிக்கும். நெருக்கம்தான், ஆனால் நிழல் சீக்கிரம் விழுந்து புல் அடங்கும். டிசம்பர் கடைசியில் நல்ல மழை பிடித்ததும் நடலாம். பையில் நெடுநாள் கிடந்து வேர் சுருண்ட கன்றை வாங்கவே வேண்டாம்: பார்க்கச் செழிப்பாக இருக்கும், பெரிதானதும் புயலில் அடியோடு சாயும். கன்றை முட்டுக்கம்போடு இறுக்கிக் கட்டாதீர்கள், தண்டு பலம் பெறாது.

ஈரமான மேட்டு நிலத்துக்குத் தக்கமக்கா நல்லது. புன்னையின் உறவு அது. வறண்ட பக்கத்துக்கு மருத இனத்தைச் சேர்ந்த புவா பென்ஸ்வென். தீவில் நல்ல நிலையிலுள்ள இயற்கைக் காடு 2 சதவீதத்துக்கும் குறைவு என்பதால் இந்த மரங்களின் விதையே அருமை. சீனக் கொய்யா என்ற அயல் களைமரத்தின் விதையைப் பறவைகள் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கும். வெட்டினால் அடியிலிருந்து தழைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது நாற்றிலேயே பிடுங்குங்கள்.

ஊருக்குள் முதலில் நிழல் வேண்டியது கோவிலுக்குப் போகும் பாதைக்கு. தைப்பூசம் இங்கே கடும் கோடையில் வருகிறது, காவடி எடுப்பவர்கள் வெறுங்காலோடு தாரில் நடக்கிறார்கள். மரத்தை வடிகாலிலிருந்து 2 மீட்டராவது தள்ளி, மின்கம்பி இல்லாத பக்கமாக நடுங்கள். காவடி தடையின்றிப் போக, தாழ்ந்த கிளைகளை இளசாக இருக்கும்போதே கழித்துவர வேண்டும்.