பாதிக் கந்தரப்பம்

அந்த வாக்கியத்தைக் கடைசியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே விட்டிருக்கலாமோ என்பதுதான் இன்னும் தீரவில்லை.

என்னிடம் பல் காட்ட ஆச்சி கூட்டிவந்த பேரனுக்கு இரண்டரை வயது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறோரம் பழுப்பேறி அரித்திருந்தன. கீழ் முன்பற்களில் கறைகூட இல்லை. புட்டிப் பாலோடு தூங்கும் பிள்ளையின் வாய் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பால் மேற்பற்களைச் சுற்றித் தேங்கும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காக்கும். கேட்டேன். இரவில் இரண்டு புட்டி, சீனி போட்டு என்றார் ஆச்சி.

அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் அவர் என் எதிரிலேயே சம்புடத்தைத் திறந்து, கந்தரப்பத்தைப் பாதி கடித்து, மீதியைப் பேரன் வாயில் வைத்தார். தண்ணீரைக்கூட அண்ணாந்து குடிப்பவர், எச்சில் பத்து பார்ப்பவர். பேரனிடம் மட்டும் அதெல்லாம் இல்லை.

"ஆச்சி, பல்லை அரிக்கிற கிருமி பெரியவர்கள் எச்சிலிலிருந்துதான் பிள்ளைக்குப் போகிறது" என்றேன்.

பொய்யில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற அந்தக் கிருமி பெரும்பாலும் வளர்ப்பவர்களிடமிருந்தே பிள்ளைக்கு வருகிறது. 1924இல் கிளார்க் என்பவர் அதைச் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்த கதைவரை எனக்கு மனப்பாடம். படித்ததைச் சொல்லிப் பார்க்கும் ஆசையும் இருந்திருக்கும்.

"அப்படியானால் என்னாலா, டாக்டரம்மா?"

"உங்களால் மட்டும் இல்லை."

அந்த 'மட்டும்'தான் குத்துகிறது. பல்லை அரிப்பது அமிலம்; கிருமி அதைச் சீனியிலிருந்து காய்ச்சுகிறது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் அமிலத்தைக் கழுவ ஆளில்லை. கிருமியோ அந்த வயதுக்குள் குடியேறியிருக்கும். இனிமேல் பாதிப் பண்டத்தைத் தடுத்து என்ன? வீட்டில் அடுத்த பிள்ளை பிறந்தால் அதற்காவது உதவுமே என்று பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று அப்படி எதையும் நான் நினைக்கவில்லை.

ஃப்ளோரைடு பூச மறுமுறை வந்தபோது புட்டியைப் பற்றிக் கேட்டேன்.

"ஒன்று இன்னும் போகிறது. நான் தொடுவதில்லை, அவன் அம்மாதான் கலக்குகிறாள்" என்றார், தான் திருந்திவிட்டதைச் சொல்பவரைப் போல. ஊட்டுவதையும் நிறுத்திவிட்டாராம்.

பேரன் தான் கடித்த முறுக்கை அவரிடம் நீட்டினான். வாங்கலாமா என்று ஆச்சி என்னைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.