கோட்டைச் சாலையை விரல் வாசிக்கும் வரை

திருகோணமலையில், பிரட்ரிக் கோட்டை வாசலிலிருந்து சுவாமிமலை உச்சியிலுள்ள கோணேசர் கோவில் வரை செல்லும் சாலைக்கு, விழிப்புலனற்றோர் தொட்டறியக்கூடிய வரைபடம் ஒன்றைச் செய்வதே என் இறுதியாண்டு ஆய்வு. அதற்கு எட்டு மாதங்கள் சென்றன. இதே வேலையைத் தமிழில் செய்ய முனைபவர்களுக்கு, எந்தெந்த இடங்களில் நாள்கள் கரையும் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பது உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் தாமதம் சம்மதப் படிவத்தில் வந்தது. படிவத்தை வாசித்துக்காட்டிப் பெருவிரல் அடையாளம் வாங்கினால் போதும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஆனால், பங்கேற்க முன்வந்த, பார்வையற்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் அதற்கு இணங்கவில்லை. "பிள்ளை, நான் முப்பது வருஷம் எழுத்துப் படிப்பிச்சவன். எனக்கு வாசிக்கக்கூடிய மாதிரித் தாருங்கோ, கையெழுத்து வைக்கிறன்" என்றார். அவர் கேட்டது முழுக்க நியாயமானது. எனவே படிவத்தை, புடைத்த புள்ளிகளை விரலால் தொட்டு வாசிக்கும் பிரெயில் எழுத்துக்கு மாற்ற லிப்லூயி என்ற இலவச மென்பொருளில் இட்டபோது, பொருளற்ற புள்ளிகளே கிடைத்தன. படிவம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்ததுதான் காரணம். பாமினியில் 'அம்மா' என்று நம் கண்ணுக்குத் தெரிவது, கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளின் வரிசை மட்டுமே. திரையிலுள்ளதை வாய்விட்டு வாசிக்கும் திரைவாசிப்பான் மென்பொருளும் அதையே உச்சரிக்கும். நம் பகுதியில் இன்றும் பாமினியில் தயாராகும் ஆவணம் ஒவ்வொன்றும் பார்வையற்ற ஒருவருக்கு மூடிய கதவாக இருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். முழுப் படிவத்தையும், தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கணினி அறியும் யுனிகோட்டில் மீண்டும் தட்டச்சு செய்தேன்.

அடுத்த சிக்கல் இடம். தமிழ்ப் பிரெயில், 1951ஆம் ஆண்டு ஏற்றுக்கொள்ளப்பட்ட பாரதி பிரெயில் முறையைச் சேர்ந்தது. அதில் உயிர்க்குறி, புள்ளிகளின் ஒரு தொகுதியான தனிக் கட்டமாக மெய்க்குப் பின்னால் வரும். மெய்யின் மேல் நாம் இடும் புள்ளியும் தனிக் கட்டமே, ஆனால் அது மெய்க்கு முன்னால் வரும். 'திருகோணமலை' என்று எழுதப் பத்துக் கட்டங்கள் வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் என்றால், 21 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஏ4 தாளில் 6 சென்ரிமீற்றர் ஊர்ப்பெயருக்கே போய்விடும். ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு கட்டக் குறி வைத்து, விளக்கத்தைத் தனித்தாளில் தருவதென்று தீர்மானித்தேன். ஆனால் கோட்டை, கோவில், கோணேசர் ஆகிய மூன்றும் 'கோ' என்றே தொடங்குகின்றன! கோவிலுக்குச் சிவன் என்பதன் 'சி', கோட்டை வாசலுக்கு 'வா' என்று வைத்தவர் அந்த ஆசிரியரே.

முப்பரிமாண அச்சில் வரைபடத் தகட்டைப் படுக்கையாக வைத்து அச்சிட்டபோது, அரை மில்லிமீற்றர் உயரமுள்ள புள்ளி இரண்டு, மூன்று படலங்களிலேயே முடிந்து, படிக்கட்டுப் போலச் சொரசொரத்தது. குறிகளைச் சிறு பட்டைகளாகச் செங்குத்தாக நிறுத்தி அச்சிட்ட பிறகு புள்ளிகள் உருண்டையாக வந்தன; அவற்றைத் தகட்டில் ஒட்டினேன். கச்சான் காற்று வீசும் ஜூலையில், மூடிய வாகனம் ஒன்றில் மதியம் வரை விட்டுவைத்த தகடு வளைந்துபோனது. நாங்கள் பயன்படுத்திய பிஎல்ஏ பிளாஸ்ரிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும்.

சோதனை நாளில், நான் மிகவும் கவனமெடுத்து நெளிவு நெளிவாக வரைந்திருந்த கரையோரத்தை அந்த ஆசிரியரின் விரல், கிழிந்த விளிம்பென்றே எடுத்துக்கொண்டது. கடல் எது, நிலம் எது என்றும் பிரித்தறிய முடியவில்லை. இரண்டாம் தகட்டில் கரையை எளிய வளைவாக்கி, கடலுக்கு மட்டும் அலைக்கோடுகள் இட்டேன். இம்முறை அவர் விரல் கோட்டை வாசலில் தொடங்கியது. இடப்புறம் வடக்கே ஒரு குடாவும் வலப்புறம் டச்சுக் குடாவுமாக இரு பக்கமும் கடல் இருப்பதைக் கண்டுகொண்டு, "இவ்வளவு ஒடுக்கமான இடத்தாலயோ நான் இத்தனை வருஷமா நடந்தனான்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே எட்டு மாதங்களும் தகும்.

பிறகு, "ஏத்தம் எங்க தொடங்குது?" என்றார். என் தகட்டில் அதற்கு அடையாளமே இல்லை. உயரத்தைத் தட்டையாக்கும் கண்ணால் பார்க்கும் வரைபடத்தைப் பின்பற்றி நானும் அதை விட்டிருந்தேன்.

மறுநாள் காலை இருவரும் கோட்டைக்குள் நடந்தோம். ஏற்றம் தொடங்குவதாக நான் நினைத்திருந்த இடத்துக்கு நாற்பது அடி முன்னதாகவே அவர் வெள்ளைப்பிரம்பை ஊன்றி நின்று, "இதில இருந்து" என்றார். எனக்கு அங்கே சாலை சமதளமாகவே தெரிந்தது. நீர்மட்டக் கருவியை வைத்துப் பார்த்தோம், குமிழி நகர்ந்தது. மூன்றாம் தகட்டில், அவர் நின்ற அந்த இடத்திலிருந்து குறுக்குக் கோடுகள் தொடங்குகின்றன.