வெக்காளியம்மனுக்கு எழுதிக் கட்டிய சீட்டு

அம்மாவுக்கு நினைவு நன்றாக இருந்த காலத்திலேயே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுவாள். "பொண்ணு வீட்டுல என் உசுரு போகக் கூடாதுடி." திருச்சி உறையூரில் தறிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அப்பா நெய்ய, தான் உட்கார்ந்து தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்து, அண்ணனையும் என்னையும் ஆளாக்கினாள். கடைசிக் காலம் மகன் வீட்டில், மகன் கையால் எல்லாம் ஆக வேண்டும் என்பது அவளுக்குள் ஊறிப்போன எண்ணம். ஆனால் அண்ணன் இருப்பது ஓசூரில், ஷிப்ட் வேலை, மாடி வீடு. அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கியது என் வீட்டு முன்னறையில். அப்புறம் அவள் அந்த அறையை விட்டுப் போகவில்லை.

மறதி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஆபரேஷனுக்குப் பிறகு அது வேகம் பிடித்தது. நடைப்பயிற்சிக்கு வந்தவர் காலை எப்படி ஊன்ற வேண்டும் என்று சொல்லித் தருவார், அடுத்த நிமிடமே அம்மாவுக்கு மறந்துபோகும். சொன்னதை மனதில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் மறுபடி எழுந்து நடப்பது கஷ்டம் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த அறையில்தான். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் என்று எந்த இடம் ஒரேயடியாக அழுந்தினாலும் தோல் சிவந்து படுக்கைப் புண் வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும், ராத்திரியிலும். ஏர் பெட் போட்டிருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். கஞ்சியை நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுக்க வேண்டும், கொடுத்து அரை மணி நேரம் அப்படியே சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் புரையேறி நுரையீரலில் சளி கட்டிக்கொள்ளும். இதையெல்லாம் யாரும் எனக்குக் கல்யாணத்துக்கு முன்போ பின்போ சொல்லித் தந்ததில்லை. ஆனால் பெண் என்றால் தெரிந்திருக்கும் என்று எல்லோருமே நினைத்தார்கள்.

கஷ்டம் வேலையில் இல்லை. எங்கள் கண்ணெதிரே சேலைகூட மாற்றாதவள் அம்மா. வாழ்நாள் முழுக்க நூல் சேலை கட்டியவளை முன்பக்கம் திறக்கிற நைட்டிக்குள் நுழைத்தோம். முதல்முறை உடம்பு துடைத்துவிடப் போனபோது இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்மா, வேண்டாம்மா" என்று யாரோ அந்நியரிடம் கெஞ்சுவதுபோல் கெஞ்சினாள். அன்று துடைக்காமலே விட்டுவிட்டேன். மறுநாள் அவளுடைய பழைய சேலை ஒன்றை மேலே போர்த்தி, அதன் அடியில் கையை விட்டு, பார்க்காமலே துடைத்தேன். பிடி தளர்ந்தது. கோயிலில் அபிஷேகம் முடிந்து அலங்காரம் பண்ணும்போது சாமிக்குத் திரை போடுவார்களே, அந்தத் திரை எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கடைசிவரை அந்தச் சேலை இல்லாமல் நான் அவளைத் துடைத்ததில்லை.

விளக்கு வைக்கிற நேரமானால் "வீட்டுக்குப் போகணும்" என்று ஆரம்பித்துவிடுவாள். எந்த வீட்டுக்கு என்று கேட்டால், "தறி நிக்குது, தார் சுத்தணும், அவுக காத்துக்கிட்டு இருப்பாக" என்பாள். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. முதலில் அதைச் சொல்லிப் புரியவைக்கப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அது புதுச் சாவு. அதனால் சொல்வதை நிறுத்தினேன். அவள் கைகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். வலது கை காற்றில் ராட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தது. இடது கை விரல்கள் இல்லாத நூலைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தன.

ஒரு நூல்கண்டை வாங்கிவந்து கையில் கொடுத்தேன். அப்படியே அடங்கினாள். நூலைப் பிரிப்பாள், விரலில் சுற்றுவாள், அறுந்த இடம் வந்தால் இரண்டு முனையையும் சேர்த்து ஒரு திருகு. முடிச்சு கண்ணுக்குத் தெரியாது. என் பெயர் போய்விட்டது, அண்ணன் முகம் போய்விட்டது, சாப்பிட்டோமா இல்லையா என்பது போய்விட்டது. இழை பிணைக்கிற வித்தை மட்டும் விரலிலேயே இருந்தது. வருஷக்கணக்காகச் செய்து பழகிய கைவேலை எல்லாவற்றுக்கும் பிறகுதான் மறக்கும் என்றார் டாக்டர். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன். "இழுக்காதடி, அறுந்துடும்" என்று அதட்டுவாள். அந்த "டி" எனக்குப் போதுமாக இருந்தது. நல்ல நாளாக இருந்தால் கஞ்சி குடித்துவிட்டு என் தலையில் கை வைத்து, "யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும் சாமி" என்பாள்.

பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கி வருவார்கள். பத்து நிமிஷம் இருப்பார்கள். "நீ புண்ணியவதி. பெத்தவளுக்குப் பண்றது சாமிக்குப் பண்ற மாதிரி" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வார்த்தை வந்து விழுந்த பிறகு, முதுகு விட்டுப்போகிறது, தூங்கிப் பல நாளாகிறது, சில நேரம் கோபம் தலைக்கேறுகிறது என்று நான் எங்கே போய்ச் சொல்ல? புண்ணியவதி அதையெல்லாம் சொல்லக்கூடாதே. உறவில் ஒரு பெரியவர், நான் சாமி விளக்கை ஏற்றப் போனபோது, "மலம் எடுத்த கையால விளக்கேத்துறியா" என்று கேட்டார். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிய கை. நான் பதில் பேசவில்லை. ஏற்றினேன். ஆனால் வேறு எந்தச் சொல்லும் என்னை அவ்வளவு குத்தியதில்லை.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பை 2021-ல் 12 மாதமாக்கினார்கள். மிக நல்ல காரியம், எங்கள் பள்ளியில் சின்ன வயது ஆசிரியைகள் அதனால் எவ்வளவு நிம்மதியாக இருந்தார்கள் என்று பார்த்தேன். படுத்த படுக்கையாக இருக்கும் பெற்றவளைப் பார்த்துக்கொள்ள அப்படித் தனியாக ஒரு விடுப்பு எனக்குக் கிடையாது. தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, அது தீர்ந்தால் சம்பளமில்லாத விடுப்பு. பிறப்புக்கு வளைகாப்பு உண்டு, சொந்தபந்தம் கூடும், தாய்வீடு கூப்பிடும். முடிவுக்குப் போகிறவளோடு இருப்பவளை யார் கூப்பிடுவார்கள்?

உறையூர் வெக்காளியம்மன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். மண்மாரியில் ஊரே புதைந்து வீடிழந்து நின்ற மக்களுக்கெல்லாம் வீடு கிடைக்கும்வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று வெட்டவெளியில் உட்கார்ந்த அம்மன். வெயிலும் மழையும் நேராக அவள் மேல்தான். மனக்குறையை ஒரு சீட்டில் எழுதி முன்னால் இருக்கிற சூலத்தில் கட்டுவது வழக்கம். கல்யாணம், வேலை, குழந்தை என்று எத்தனையோ சீட்டுகள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டு அக்காவை அம்மாவுக்குத் துணைக்கு வைத்துவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை ஓடினேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். "அம்மாவைக் கஷ்டப்படுத்தாமல் கூப்பிட்டுக்கொள் தாயே" என்று எழுதினேன்.

எழுதியதை மடிக்கும்போது கை நடுங்கியது. பெற்றவளுக்குச் சாவு கேட்கிற மகளா நான்? உட்கார்ந்து அழுதேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. இதே சந்நிதியில், நான் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது, அம்மா வாய்விட்டு வேண்டிக்கொள்வாள்: "படுக்கையில கிடக்காம, ஒருத்தருக்கும் பாரமில்லாம என்னைக் கொண்டுபோயிடு தாயே." தனக்கு வேண்டியதைக் கேட்கிற நினைவு இப்போது அவளிடம் இல்லை. அவள் கேட்டதைத்தான் நான் எழுதியிருக்கிறேன். எழுந்து போய்க் கட்டினேன். இதை வெளியில் சொல்வது இதுவே முதல் தடவை. இதே வேண்டுதலை மனதுக்குள் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் குமைகிற பெண்கள் இருப்பார்கள் என்று தெரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் பாசத்தில் எந்தக் குறையும் இல்லை.

எங்கள் மொட்டை மாடியிலிருந்து மலைக்கோட்டை தெரியும். துணி உலர்த்தப் போகும்போது தாயுமானவரைப் பார்த்து ஒரு கும்பிடு. கதை திருச்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மகளுக்குப் பேறுகாலம், தாய் கிளம்பி வருகிறாள், காவிரியில் வெள்ளம், கடக்க முடியவில்லை. சிவன் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து நிஜத் தாய் வந்ததும் மறைகிறார். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு வாழைத்தார் கொண்டுபோய்ச் சார்த்துவோம். ஒரு நாள் ஈரத் துணியோடு நின்றபடி யோசித்தேன். அவர் நினைத்திருந்தால் வெள்ளத்தை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வெந்நீர் வைத்து, இடுப்பைப் பிடித்துவிட்டு, துணி அலசிப் போட்டிருப்பார். வர முடியாத ஒருத்திக்கு மாற்றாளாக வந்து நின்றார், அவ்வளவுதான். எனக்கும் வேண்டியது அதுதான். அன்றிலிருந்து என் வேண்டுதல் "எனக்குப் பலம் கொடு" என்பதிலிருந்து "யாரையாவது மாற்றுக்கு அனுப்பு" என்று ஆகிவிட்டது.

வந்தார்கள். எதிர்வீட்டு அக்கா மத்தியான வேளையில் முருங்கைக்கீரையைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஆய்வார், நான் தூங்குவேன். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை கொண்டுவந்த பெண், விஷயம் தெரிந்து, ஆதரவு சிகிச்சை பார்க்கிற நர்ஸை அனுப்பிவைத்தார். குதிகால் படுக்கையில் அழுந்தாமல் இருக்கக் கெண்டைக்காலுக்கு அடியில் எப்படித் தலையணை வைப்பது என்று அந்த நர்ஸ்தான் காட்டினார். பகலில் பார்த்துக்கொள்ள லால்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா சம்பளத்துக்கு வந்தார். தன் மாமியாரைத் தன் மகளிடம் விட்டுவிட்டு என் அம்மாவைப் பார்க்க வந்தவர். அதைக் கேட்டபின் அவருக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தேன், ஞாயிறு கட்டாயம் லீவு. அண்ணி பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகளோடு வந்தார். வந்த அன்றைக்கே, "ராத்திரி நான் பாத்துக்கறேன், நீங்க மாடியில போய்ப் படுங்க" என்றார். ஏழே வார்த்தை, அதைவிடப் பெரிய அருள்வாக்கை நான் கேட்டதில்லை.

ஆடி மாதம் சளி பிடித்து மூச்சு இரைக்க ஆரம்பித்தது. ஐசியூவில் குழாய் போட்டு வைக்க வேண்டாம் என்று அண்ணனும் நானும் டாக்டரிடம் பேசி முடிவெடுத்தோம். நர்ஸ் வந்து வேதனை தெரியாமல் இருக்க மருந்து கொடுத்தார். விடியற்காலையில், என் வீட்டில், அம்மா போனாள். அண்ணன் வந்துவிட்டிருந்தான். ஓயாமரி சுடுகாட்டில் எல்லாம் முறைப்படி அவன் கையால் நடந்தது.

பெண் வீட்டில் உயிர் போகக் கூடாது என்றவள் ஆயிற்றே என்று அத்தை வருத்தப்பட்டார். நான் சொன்னேன்: கடைசி மாதங்களில் அம்மாவுக்கு இது மகள் வீடாகவே இல்லை. தறி ஓடுகிற வீடு. அப்பா உள்ளே நெய்துகொண்டிருந்தார். அவள் தார் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இன்னமும் ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழிப்பு வருகிறது. சனி, ஞாயிறு மத்தியானங்களில் உடன் வேலை பார்க்கும் ஒரு டீச்சரின் மாமியாருக்குத் துணையாகப் போய் உட்காருகிறேன். டீச்சர் படுத்துத் தூங்குகிறார், சில நாள் கோயிலுக்குப் போகிறார், ஒரு நாள் சும்மா பஸ் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டு வந்தார். உறையூர், தில்லைநகர், புத்தூர் பக்கம் யாருக்காவது இப்படி ஒரு மத்தியானம் தேவைப்பட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். எந்தப் பக்கம் புரட்டிப் படுக்கவைத்திருக்கிறீர்கள், கடைசியாக எப்போது தண்ணீர் கொடுத்தீர்கள், மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது, இவ்வளவு சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.